மூன்றாவது சிலிண்டர் பொய் சொல்லவில்லை

வண்டி மிஸ் அடிப்பது (என்ஜினின் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் போவது) முதலில் காதுக்குத் தெரியாது, உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் தெரியும். சிக்னலில் நிற்கும்போது சீட்டுக்கு அடியிலிருந்து யாரோ விரலால் சுண்டிவிட்டதுபோல ஒரு சின்ன அதிர்வு. ஏசி கம்ப்ரஸராக இருக்கும், என்ஜின் மவுண்ட் தளர்ந்திருக்கும், பெட்ரோல் சரியில்லை என்று நாமே நாலு காரணம் கண்டுபிடித்துக்கொள்வோம். நானும் மூன்று வாரம் அப்படித்தான் ஓட்டினேன். அப்புறம் ஒருநாள் ஒரு மேட்டில், நான்காவது கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் வண்டி முன்னால் பாய்வதற்குப் பதிலாக இருமியது. செக் என்ஜின் விளக்கு மினுக்கியது. அந்த விளக்கு நிலையாக எரிந்தால் நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம். மினுக்கினால் அப்போதே காலை எடுக்க வேண்டும். எரியாத பெட்ரோல் அப்படியே வெளியேறி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிய ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் பிடிவாதமாக ஓட்டினால் ஒரு காயிலோடு (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுத்துப் பொறி எழுப்பும் பாகம்) முடிந்திருக்க வேண்டிய செலவு கன்வெர்ட்டர் வரை போகும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் வீடுவரை ஓட்டிக்கொண்டு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போதே பதினேழு வருஷமான பெட்ரோல் வண்டி. நான்கு சிலிண்டர், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு இக்னிஷன் காயில். இந்த வண்டியில் ஒன்றரை வருஷத்துக்குள் மூன்று முறை காயில் போனது. அந்த ஒன்றரை வருஷமும் எனக்கும் என் மெக்கானிக் அண்ணனுக்கும் ஒரே சண்டை: ஒரு காயில் போனால் அதை மட்டும் மாற்றுவதா, நாலையும் மாற்றுவதா? இந்தச் சண்டையில் இருவருமே தப்பான கேள்வியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்த நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் காயில்

வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகியதும் பி0303 என்று வந்தது. கடைசி எண்தான் சிலிண்டர்: மூன்றாவதில் மிஸ்ஃபயர். இதைப் பார்த்ததும் 'மூன்றாவது காயில் போச்சு' என்று முடிவுகட்டிவிடுபவர்கள் உண்டு. குறியீடு அப்படிச் சொல்லவில்லை. மூன்றாவது சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. பிளக்காக இருக்கலாம், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டராக இருக்கலாம், வால்வில் கம்ப்ரஷன் கசியலாம். எது என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மூன்றாவது காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டி, முதலாவதை மூன்றில் மாட்டி, குறியீட்டை அழித்துவிட்டு ஒரு மேடு பார்த்து ஓட்ட வேண்டும். தப்பு 0301-க்கு இடம் மாறினால் காயில்தான் காரணம். 0303-லேயே நின்றால் காயிலை மன்னித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

என் வண்டியில் இடம் மாறியது. அந்த மகிழ்ச்சியை விவரிப்பது கஷ்டம். பரீட்சையில் பார்க்காமலே எழுதி நூறு வாங்கியதுபோல இருந்தது. அந்த மகிழ்ச்சியில், கழற்றும்போது காயிலில் வயரைச் செருகும் கப்ளரின் பூட்டு நாக்கு முறுக்குபோல உடைந்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. (பழைய வண்டியில் என்ஜின் சூட்டிலேயே வெந்த பிளாஸ்டிக் எல்லாம் அப்படித்தான். தொட்டால் உடையும். கேபிள் டை போட்டு இறுக்கிவிட்டேன், இன்றும் அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.)

மெக்கானிக் அண்ணனிடம் போய் ஒரு காயில் வேண்டும் என்றேன். அவர் என் வீரப் பிரதாபத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, "தம்பி, ஒண்ணு போச்சுன்னா மத்தது பின்னாடியே வரும். நாலையும் போட்டுரு" என்றார்.

"ஓடுற மூணை எதுக்குண்ணே தூக்கிப் போடணும்?"

"நாலும் ஒண்ணா பொறந்தது. ஒண்ணா வெந்தது."

நான் சம்மதிக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பழைய பாகம் சோதனையில் தேறிய பாகம், பெட்டியிலிருந்து வரும் புதியது இன்னும் சோதனைக்கே உட்காராதது என்பது என் கட்சி. ஒன்றை மட்டும் வாங்கி மாட்டினேன். வண்டி புதுசுபோல ஓடியது.

இரண்டாவது

இரண்டரை மாதம் கழித்து பி0302. அண்ணன் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. இரண்டாவது காயிலை இழுத்தபோது பிளக்கின் தலையை மூடும் அதன் ரப்பர் உறை ஊறிப்போய் மெத்தென்று இருந்தது, வெளியில் என்ஜின் ஆயில் ஈரம். என்ஜின் தலையை மூடும் டேப்பட் கவருக்கு அடியில், பிளக் குழியைச் சுற்றியிருக்கும் சீல் கசிந்து குழிக்குள் ஆயில் இறங்கியிருந்தது. சீலை மாற்றினார், காயிலை மாற்றினார். ஆயில் ரப்பரைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் இந்தக் காயிலின் சாவுக்குத் தனிக் காரணம் கிடைத்துவிட்டது. அண்ணன் சொன்னது பலித்ததா, இல்லை இது வேறு கதையா என்று எனக்கு முடிவுக்கு வர முடியவில்லை.

அந்த நாட்களில் ஒரு கணக்குப் போட்டேன். என் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 2000 ஆர்பிஎம்மில் ஓடும். நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர், ஆக ஒரு கிலோமீட்டருக்கு 2000 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு தீப்பொறி. அதாவது கிலோமீட்டருக்கு ஆயிரம். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு காயிலும் 10 கோடி முறை பொறி தட்டியிருக்கும். என் வண்டி 1,30,000 தாண்டிவிட்டது. இந்த எண்ணைப் பார்த்ததும் அண்ணன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தேன். 13 கோடி முறை வேலை செய்த ஒன்று சாவதில் என்ன ஆச்சரியம்?

இத்தனைக்கும் வேலை ரொம்பப் பழைய வேலை. சார்லஸ் கெட்டரிங் 1910-இல் காடிலாக் கார்களுக்குக் கொடுத்த பேட்டரி இக்னிஷனில் இருந்த தத்துவம்தான் இன்றும். ஒரு இரும்புக் கருவைச் சுற்றித் தடித்த கம்பி கொஞ்சம், அதோடு தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்று. தடித்த கம்பியில் 12 வோல்ட்டைச் சில மில்லி செகண்ட் ஓடவிட்டுச் சட்டென்று துண்டித்தால், காந்தப்புலம் சரிந்து மெல்லிய கம்பியில் பல்லாயிரம் வோல்ட் எழும். அன்று துண்டிக்கும் வேலையைப் பாயிண்ட் என்கிற தொடுமுனை செய்தது, இன்று டிரான்சிஸ்டர் செய்கிறது. டிஸ்ட்ரிப்யூட்டர் காலத்தில் ஒரே காயில் நாலு சிலிண்டருக்கும் உழைத்தது. அது போனால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும், ஏமாற்றிக்கொள்ள வழியே கிடையாது. இப்போது நாலில் ஒன்று செத்தாலும் மீதி மூன்று சேர்ந்து இழுத்துக்கொண்டு வந்துவிடுகின்றன. என்னைப்போன்ற ஆட்கள் மூன்று வாரம் சும்மா இருப்பதற்கு அதுதான் சௌகரியம்.

மூன்றாவது, அதாவது மறுபடியும் முதலாவது

அதற்கப்புறம் ஒரு வருஷம் எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு அதே மேட்டில், அதே நான்காவது கியரில், அதே இருமல். பி0303.

மூன்றாவதில் இருந்தது புதுக் காயில். வயசு ஒன்றே கால் வருஷம். 'ஒண்ணா பொறந்தது, ஒண்ணா வெந்தது' இதற்குப் பொருந்தாது. நான் போட்ட 13 கோடிக் கணக்கும் பொருந்தாது. அண்ணன் உடனே "டூப்ளிகேட் வந்துருச்சு போல" என்றார். இருக்கலாம், போலிக் காயில்கள் நிறையவே உலவுகின்றன. ஆனால் இரண்டாவது சிலிண்டருக்கு வாங்கியதும் அதே கம்பெனிக் காயில், அது ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பதில் ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், என்ஜின் நன்றாக ஆறியபிறகு, பானட்டைத் திறந்து நானே உட்கார்ந்தேன்.

மீட்டர் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று முதல் தடவையே கற்றுக்கொண்டிருந்தேன். இந்தக் காயிலுக்குள்ளேயே டிரான்சிஸ்டர் இருக்கிறது, வெளியிலிருந்து கம்பியின் ஓம் அளவை (மின்தடையை) பிடிக்க முடியாது. பிடிக்க முடிகிற, இரண்டு கம்பி முனை மட்டும் உள்ள காயிலாக இருந்தாலும், மீட்டருக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தரும் சில வோல்ட்டில் இன்சுலேஷன் நல்லபிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும். அதன் குட்டு பல்லாயிரம் வோல்ட்டில்தான் உடையும். அதனால் கண்ணை நம்பினேன். காயிலை இடமும் வலமுமாகக் கொஞ்சம் திருகி, ரப்பர் பிடி விட்டபிறகு நேராக மேலே இழுத்தேன். ரப்பர் உறையின் வாயை விரித்து டார்ச் அடித்தேன். உள்ளே, மேலிருந்து கீழாக, கூர்மையான பென்சிலால் இழுத்ததுபோல ஒரு மெல்லிய கருப்புக் கோடு.

கார்பன் டிராக் என்பார்கள். கரண்ட் பிளக்கின் முனைக்குப் போகாமல் ரப்பரின் ஓரமாக வழுக்கி நேரே என்ஜின் தலைக்கு இறங்கிய தடம். அதைப் பார்த்ததும் கராஜ் மூலையில் டப்பாவில் போட்டுவைத்திருந்த பழைய மூன்றாவது காயில் நினைவுக்கு வந்தது. எதையும் தூக்கிப்போடாத என் கெட்ட பழக்கம் முதல்முறையாக உபயோகப்பட்டது. எடுத்து அதன் வாயையும் விரித்தேன். அதிலும் அதே கோடு. இரண்டு காயில், வயசில் பதினைந்து வருஷத்துக்கும் மேல் வித்தியாசம், இரண்டும் ஒரே மாதிரி செத்திருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது இன்னும் குழிக்குள் இருந்தது.

குழியை ஊதித் தூசியை வெளியேற்றிவிட்டு (இல்லாவிட்டால் பிளக்கைக் கழற்றியதும் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும்) பிளக்கை எடுத்தேன். வெள்ளைப் பீங்கானில் அதே கருப்புக் கோடு. ரப்பர் உறைக்குள் பிளக்கை நுழைத்துத் திருப்பிப் பார்த்தபோது ஓரிடத்தில் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. புதுக் காயிலை மாட்டிய அன்றே அதன் சாவுக்கான பாதையைக் கீழிருந்து வரைந்து கொடுத்தது இந்தப் பிளக்தான். நான் அதன் தலைமேல் ஒரு புதுக் காயிலை அழகாகக் கிரீடம்போல வைத்துவிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்காமல் பானட்டை மூடியிருக்கிறேன்.

கோடு ஏன் வந்தது என்பது ஃபீலர் கேஜை (மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளக்கும் கருவி) எடுத்ததும் தெரிந்தது. இந்த என்ஜினுக்குப் பிளக்கில் பொறி தாவும் இடைவெளி 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மூன்றாவதில் 1.6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தகடுகளைச் சேர்த்து நுழைத்தேன், தடையே இல்லாமல் போனது. இரண்டாவது 1.4. முதலாவதும் நான்காவதும் 1.3 வாக்கில். நடு முனை கூர் மழுங்கி, சப்பிப்போட்ட மிட்டாய்போல உருண்டிருந்தது. அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. வண்டியை எனக்கு விற்றவர் "இரிடியம் பிளக் போட்டிருக்கு, ஒரு லட்சம் வரைக்கும் கைவைக்க வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசிபோல மெல்லியதாக இருக்கும். இது தடித்த சாதாரண நிக்கல் பிளக். 30, 40 ஆயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டியது. நான் வாங்கியபிறகு மட்டும் 62,000 ஓடியிருக்கிறது. விற்றவரைக் குறை சொல்லலாம்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு பிளக்கையாவது கழற்றிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

காயில் கொடுப்பதும் பிளக் கேட்பதும்

நான் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்த விஷயம் இதுதான். காயில் 40,000 வோல்ட் தரும் என்று படித்தால், ஒவ்வொரு பொறிக்கும் 40,000 வோல்ட்டைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. வோல்ட் பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டே வரும். பிளக்கின் இடைவெளி எங்கே உடைந்து வழிவிடுகிறதோ அங்கே ஏற்றம் நின்றுவிடும். நல்ல பிளக்கில், வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில், 10,000 வாக்கிலேயே பொறி தாவிவிடும். காயில் தன் பலத்தில் கால்வாசியைத்தான் காட்டுகிறது. எவ்வளவு வோல்ட் வேண்டும் என்று தீர்மானிப்பது பிளக்.

இடைவெளி அகன்றால் கேட்பது கூடும். முனை மழுங்கினாலும் கூடும், கூரான விளிம்பிலிருந்து பொறி சுலபமாகத் தாவும் என்பதால். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறினால் இன்னும் கூடும். மேடு ஏறும்போது, உயர் கியரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான் சிலிண்டருக்குள் காற்று அதிகமாக நுழைந்து அழுத்தம் உச்சத்துக்குப் போகும். சிக்னலில் லேசாகச் சுண்டிய வண்டி மேட்டில் ஏன் இருமியது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. தேய்ந்த பிளக்கோடு மேடு ஏறினால் வோல்ட் ஏறிக்கொண்டே போகும், இடைவெளியோ உடையாது. வயலில் தண்ணீர் தேங்கி ஏற ஏற வரப்பில் நண்டுவளை எங்கே என்று தேடுமே, அதுபோல மின்சாரம் ரப்பரில் ஒரு மயிரிழைக் கீறலை, காயிலுக்குள் ஊற்றிய எபாக்ஸிப் பசையில் ஒரு காற்றுக்குமிழைத் தேடிப் பிடிக்கும். ஒருமுறை அந்த வழியாகப் போனால் அங்கே கரி படியும். கரி மின்சாரம் கடத்தும். அடுத்த முறை அதே வழி இன்னும் சுலபம்.

ஆக, நான் செய்த இடமாற்றச் சோதனையில் ஒரு தப்பும் இல்லை. காயில் செத்திருந்தது உண்மை, இடம் மாறியபோது தப்பும் கூடவே மாறியதும் உண்மை. ஆனால் காயில் மட்டும்தான் நகர்ந்தது, பிளக் மூன்றாம் குழியிலேயே உட்கார்ந்திருந்தது. செத்தது எது என்று கேட்டேன், சரியான பதில் வந்தது. எதனால் செத்தது என்று கேட்கவே இல்லை. பதில் கிடைத்த சந்தோஷம் அடுத்த கேள்வியை மறக்கடித்துவிட்டது.

அன்று செய்தது

நாலு பிளக்கையும் மாற்றினேன். இந்தத் தடவை நிஜமான இரிடியம். அதன் மெல்லிய முனையில் கைவைத்து இடைவெளியைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பக் கூடாது, ஒடிந்துவிடும். அளந்து மட்டும் பார்த்தேன், 1.1 இருந்தது. என்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்பதை மறுபடியும் சொல்கிறேன். சூடான அலுமினியத் தலையில் பிளக்கைக் கழற்றினால் மரையும் கூடவே வந்துவிட வாய்ப்புண்டு, அப்புறம் அழுவதற்குக் காயில் ஒரு விஷயமே இல்லை. புதுப் பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி, அதைப் பிடித்துக் கையாலேயே மரை ஏற்றினேன். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும், ஸ்பானர் காட்டிக்கொடுக்காது. அடியில் உட்கார்ந்ததும் அரைச் சுற்றும் அதற்குக் கொஞ்சம் மேலும் இறுக்கினேன். ரப்பர் உறையின் வாயில் மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாக ஒரு தடவல்.

காயில் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவதற்கு மட்டும் ஒரு புதுசு. முதலாவதையும் நான்காவதையும் இழுத்து, ரப்பர் உறையைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். கோடு இல்லை, பிசுக்கு இல்லை.

பிளக்கையும் இரண்டு செத்த காயில்களையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். ஜெயித்துவிட்டதாக நினைத்துத்தான் போனேன். அவர் பிளக்கை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் பாத்திருக்கணும் தம்பி" என்றார். "நான் உங்களைப் பாக்கச் சொல்லியிருக்கணும்ணே, காயில் மட்டும் குடுங்கன்னு வந்து நின்னது நான்தானே" என்றேன். அதோடு சண்டை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. "இருந்தாலும் நாலையும் போட்டிருந்தா ரெண்டாவதுக்கு வந்து நின்னிருக்க மாட்ட" என்றார், பிளக்கைத் திருப்பித் தராமலே.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வண்டி திரும்பத் திரும்ப வந்து நிற்காமல் இருப்பதுதான் அவர் தொழில். எட்டிக் கைவிட முடியாத இடத்தில், பாதி என்ஜினைப் பிரித்தால்தான் காயிலைத் தொடமுடியும் என்கிற வண்டிகளும் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பது பைத்தியக்காரத்தனம். ஆனால் என் வண்டியில் அன்று நாலையும் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். தேய்ந்த நாலு பிளக்குகளின் தலையில் நாலு புதுக் காயில். ஒரு வருஷம் எல்லாம் அமைதி. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகச் சாக ஆரம்பித்தால், காயில் கம்பெனியைத் திட்டிவிட்டு இன்னும் நாலு வாங்கியிருப்போம்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதலாவதும் நான்காவதும் வண்டியோடு பிறந்த காயில்கள், இன்னும் அவைதான் ஓடுகின்றன. டிக்கியில், ஜாக்கிக்குப் பக்கத்தில், பெட்டி பிரிக்காத ஒரு புதுக் காயில் கிடக்கிறது. அதை நான் வாங்கிவைத்திருப்பது அண்ணனுக்குத் தெரியாது.